பால் இல்லாமலும் நுரைக்கும் காப்பி!



இந்தப் பக்கத்தில் நீங்கள் எல்லோரும் எழுதுகிற அனுபவங்களைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். நாமும் எழுதலாமா என்று தோன்றும். "படிச்சது பத்தாவது, நமக்கு என்ன எழுத வரும்" என்று விட்டுவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று இன்றைக்குப் பேனாவை எடுத்துவிட்டேன். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை, காப்பிதான்! ஆனால் ஒரு டம்ளர் காப்பியால் ஒரு வீட்டின் நிம்மதியே போகும், திரும்பியும் வரும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூர். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. விவசாயக் குடும்பம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் காப்பி என் மாமியார் கைக் காப்பிதான். சாம்பார், குழம்பு எல்லாம் என்னிடம் விட்டுவிட்டார்கள். காப்பி ஃபில்டரை மட்டும் விடவில்லை. ராத்திரி படுக்கும் முன் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறந்த பால் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, டபராவில் ஆற்றி, முதல் டம்ளரைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். "கும்பகோணம் டிகிரி காப்பின்னா என்னன்னு நெனச்சே? பாலுக்கு டிகிரி பாத்து வாங்குறதும்மா" என்பார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி விட்டு அளந்து பார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிற கதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு 2024 தீபாவளி கழிந்து வயிற்றுக்கு ஆகாமல் போனது. பத்து நாள் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகும், காலையில் காப்பி குடித்த அரை மணிக்கெல்லாம் வயிறு உப்பிக்கொண்டு, இரைச்சலும் வலியுமாகத் துடிப்பார்கள். டாக்டரிடம் காட்டினோம். பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "பாலை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. அதைச் செரிக்க வைக்க நம் குடலில் லாக்டேஸ் என்று ஒரு நொதி சுரக்கிறது. குழந்தையாக இருக்கும்போது நிறையச் சுரக்கும். வயது ஏற ஏறப் பலருக்கும் குறைந்துவிடும். குடல் நோய் ஏதாவது வந்தால் திடீரென்றும் குறையும். செரிக்காத அந்தச் சர்க்கரை குடலில் தங்கிப் புளித்து, காற்றும் வலியும் உண்டாக்குகிறது. தயிரிலும் மோரிலும் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை உறை போட்ட கிருமியே தின்றுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். அதனால் அத்தைக்கு மோர் சாதத்துக்குத் தடை இல்லை. காப்பிக்குத்தான் தடை.

துக்க வீட்டுக் காப்பியா எனக்கு?

"வறக்காப்பி போட்டுத் தரேன் அத்தை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "துக்க வீட்டுல குடிக்கிறதையா எனக்குக் குடுக்கப் பாக்குற? நான் இருக்கும்போதே பால் இல்லாத வீடாப் போச்சா இது?" என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை.

காப்பியையே விட்டுவிட்டார்கள். முதல் நான்கு நாள் தலைவலி. பழகின காப்பியைத் திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் வலிக்குமாம். தலைவலி போய்விட்டது. ஆனால் காலையில் சீக்கிரம் எழுந்து சமையல்கட்டுக்கு வருகிற பழக்கமும் போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறதும் நின்று போனது. எங்களுக்கு நான் காப்பி ஆற்றும்போது அந்த வாசனைக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள். நாங்கள் நாலு பேரும் அவர்களுக்கு மறைத்து மறைத்துக் காப்பி குடித்தோம்.

ஒரு நாள் ராத்திரி அத்தைக்கு மறுபடி வலி வந்து துடித்துப் போனார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று இவர் துருவித் துருவிக் கேட்டதில், பக்கத்து வீட்டில் போய் ஒரு டம்ளர் பால் காப்பி கேட்டுக் குடித்தது தெரிந்தது. இவர் கோபத்தில் சத்தம் போட்டுவிட்டார். அத்தை அழவில்லை. "வாய்க்கு ருசியா ஒரு வாய் காப்பிக்கு அறுபத்தஞ்சு வயசுல அடுத்த வீட்டு வாசல்ல நிக்கிறேனே, அந்த வலி உனக்குத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. "பால் கூடாது" என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டோமே தவிர, அதற்குப் பதில் என்ன என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த கெண்டி

அந்தச் சமயம் பொங்கலுக்கு என் நாத்தனார் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அங்கே வேலை பார்க்கிறாள். பையிலிருந்து இடுப்பு ஒடுங்கின ஒரு சின்ன அலுமினியக் கெண்டியை எடுத்து வைத்து, "மாமி, இதுல எஸ்பிரஸோ போடலாம். பாலுக்குப் பதிலா சோயா பால், ஓட்ஸ் பால்னு ஊத்திக் குடிக்கிறாங்க. பாட்டிக்குப் போட்டுப் பாப்போம்" என்றாள்.

எஸ்பிரஸோ என்றதும் எனக்குக் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது. ரிசப்ஷனில் ஒரு பெரிய மிஷினை வைத்து, புஸ்ஸென்று ஆவி விட்டு, பாலை நுரைக்க வைத்துக் காப்பித்தூள் தூவிக் கொடுப்பார்களே, அதைத்தானே நாம் எஸ்பிரஸோ என்று இத்தனை நாள் சொல்லி வந்தோம்! அது உண்மையில் இன்ஸ்டன்ட் காப்பியாம். நிஜ எஸ்பிரஸோவில் பாலே கிடையாதாம். நைசாக அரைத்த தூளில் வெந்நீரை அழுத்தம் கொடுத்துச் செலுத்தி, அரை நிமிஷத்தில் இறக்குகிற இரண்டு வாய் கெட்டி டிகாக்ஷன்தான் அது. இத்தாலியில் 1901-இல் லூயிஜி பெஸெரா என்பவர் அதற்கு மிஷினுக்கு உரிமை வாங்கினாராம். அவள் கொண்டு வந்த அடுப்புக் கெண்டிக்கு மோக்கா பாத்திரம் என்று பெயர். அதுவும் இத்தாலிதான், 1933-இல் வந்தது. கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர், நடுவில் தூள். தண்ணீர் கொதித்து ஆவி அழுத்த, வெந்நீர் தூள் வழியாக ஏறி மேல் பாத்திரத்துக்கு வந்துவிடுகிறது. நம் ஃபில்டரில் தண்ணீர் தானாகக் கீழே இறங்குகிறது. இதில் மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய மிஷின் அளவுக்கு இதில் அழுத்தம் கிடையாது. ஆனால் டிகாக்ஷன் கெட்டியாகவே வருகிறது.

அந்தக் கெட்டி டிகாக்ஷனோடு நுரைத்த பாலைச் சேர்த்தால் காப்புசினோ. பால் கூட, நுரை குறைவு என்றால் லாட்டே. இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அத்தை டபராவில் ஒரு கை உயரத் தூக்கி ஆற்றினால் வருகிற நுரைக்கு வேறு பெயர் என்ன!

அரிசிப் பால் கஞ்சியான கதை

பால்தான் பிரச்சினை. ஒரு வாரம் எங்கள் சமையல்கட்டு பள்ளிக்கூட ஆய்வுக்கூடம் மாதிரி ஆகிவிட்டது.

முதலில், நெல்லு விளைகிற ஊரில் இருக்கிறோமே என்று அரிசியை ஊற வைத்து அரைத்துப் பால் எடுத்தேன். அடுப்பில் வைத்த இரண்டாவது நிமிஷம் கஞ்சியாகிவிட்டது! ஓட்ஸ் பாலும் அதே கதைதான், சூடானதும் கொழகொழவென்று ஆனது. இரண்டிலும் மாவுச் சத்து. கடையில் விற்கிற ஓட்ஸ் பானத்தில் அந்த மாவை நொதி சேர்த்து உடைத்துவிடுவதால் கெட்டியாவதில்லையாம். (2021-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன பிறகு, இந்த மாதிரிப் பாக்கெட்டுகளைப் 'பால்' என்று சொல்லி விற்கக் கூடாது. 'பானம்' என்றுதான் போட்டிருக்கும். தேடும்போது குழம்பாதீர்கள்.)

அடுத்து சோயா. அரைத்துக் காய்ச்சி, சுடச்சுட டிகாக்ஷனில் ஊற்றினேன். தயிர் மாதிரி திரிதிரியாகத் திரிந்துவிட்டது. காப்பியில் லேசான புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் சோயாவின் புரதம் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் பால் திரிவது போலத்தான். நிலக்கடலைப் பால் நன்றாக நுரைத்தது. ஆனால் கடலை மிட்டாயைக் காப்பியில் நனைத்த ருசி! முந்திரிப் பால் அருமையாக இருந்தது. விலையை நினைத்தால் தினமும் கட்டுப்படி ஆகாது.

தேங்காய்ப் பாலை நான் கடைசியில்தான் எடுத்தேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. எங்கள் கொல்லையில் ஐந்து தென்னை நின்றது. மூன்று அன்று ராத்திரியே சாய்ந்துவிட்டது. அடுத்த வருடம் அத்தை தன் கையால் வைத்த கன்றுகளில் ஒன்று இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. அந்த மரத்துக் காயைத்தான் உடைத்தேன். ருசி நன்றாக இருந்தது, ஆனால் மேலே எண்ணெய் மிதந்தது, நுரையும் நிற்கவில்லை. நுரை நிற்கப் புரதம் வேண்டும். தேங்காய்ப் பாலில் கொழுப்புதான் அதிகம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சோயாவில் நுரை இருக்கிறது, வாசனை சரியில்லை. தேங்காயில் ருசி இருக்கிறது, நுரை இல்லை. இரண்டையும் கலந்தால் என்ன? சோயாப் பால் இரண்டு பங்கு, கெட்டித் தேங்காய்ப் பால் ஒரு பங்கு கலந்து பார்த்தேன். சரியாக வந்துவிட்டது!

செய்கிற பக்குவம்

தோழிகளே, நான் செய்கிற விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

சோயாப் பால்: 100 கிராம் சோயா பீன்ஸை ராத்திரி ஊற வைத்து, காலையில் கையால் கசக்கித் தோலை நீக்குங்கள். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை அடிக்கும். நல்ல வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்தால் அந்த வாடை பாதி போய்விடும் (சூடாக அரைக்கும்போது மிக்ஸி மூடியை இறுக்கி அடைக்காமல் துணி போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்). மெல்லிய துணியில் பிழிந்தால் முக்கால் லிட்டர் வரை பால் வரும். இதைப் பதினைந்து, இருபது நிமிஷம் சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். இதில் சோம்பல் படக் கூடாது. பச்சை சோயாவில் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் போகும். ஆறின பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வரும். சக்கையைத் தூர எறியாமல் அடை மாவில் சேர்த்துவிடுங்கள்.

தேங்காய்ப் பால்: முற்றின காயாக எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர் மட்டும் விட்டு அரைத்து முதல் பாலைப் பிழியுங்கள். காப்பிக்கு முதல் பால்தான். இரண்டாம் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். இதைக் கொதிக்க விடவே கூடாது, பிரிந்துவிடும். பாயசத்துக்குக் கடைசியில் சேர்த்து இறக்குவோமே, அதே கவனம்தான்.

டிகாக்ஷன்: மோக்கா பாத்திரம் இருந்தால், கீழே பக்கவாட்டில் இருக்கிற வால்வுக்குக் கீழ் வரை தண்ணீர் விட்டு, தூளைச் சமமாக நிரப்புங்கள். அழுத்தக் கூடாது. சிறு தீயில் வைத்து, களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். சிக்கரி கலந்த தூளைப் போட்டேன், அடைத்துக்கொண்டது. அதற்குச் சிக்கரி இல்லாத தூள்தான் சரி. மோக்கா பாத்திரம் இல்லாவிட்டால் கவலையே வேண்டாம். நம் பித்தளை ஃபில்டரில் குவித்து ஐந்து ஸ்பூன் தூள் போட்டு, தண்ணீரைக் குறைத்து, முதல் டிகாக்ஷன் மட்டும் எடுத்தால் போதும். இரண்டாம் டிகாக்ஷன் இந்தக் காப்பிக்கு ஆகாது. மாட்டுப்பால் போல இந்தப் பாலுக்குச் சொந்த இனிப்பு இல்லாததால், டிகாக்ஷன் நீர்த்தால் காப்பியே சப்பென்று ஆகிவிடும். கருக வறுத்த தூளாகப் பார்த்து வாங்கினால் புளிப்புக் குறைவாக இருக்கும், பாலும் சீக்கிரம் திரியாது.

கலக்கும் முறை: இதுதான் முக்கியம். சோயாப் பாலைச் சூடாக்கி, ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கி, தேங்காய்ப் பாலைச் சேருங்கள். தயிர் கடைகிற சின்ன மத்தால் ஒரு நிமிஷம் கடைந்தால் நுரை பொங்கி நிற்கும். முதலில் டம்ளரில் பால், பிறகுதான் டிகாக்ஷன். டிகாக்ஷனும் கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது. அதை நூல் மாதிரி மெல்ல விட வேண்டும். மடமடவென்று ஊற்றினாலும், டிகாக்ஷனில் பாலை ஊற்றினாலும் திரிந்துவிடும். சர்க்கரையை டிகாக்ஷனிலேயே கரைத்துக்கொள்ளலாம். வெல்லம் வேண்டாம், அதுவும் திரிய வைக்கும். அப்படியும் திரிந்தால், பாலில் ஒரு துளி சமையல் சோடா (கடுகளவுதான்!) போட்டுப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் இதையே ஆற வைத்து, தேங்காய்ப் பால் கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஐஸ் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் கடைக் குளிர் காப்பியைக் கேட்க மாட்டார்கள்.

சில எச்சரிக்கைகள்

இது பாலுக்குப் பதில் ருசிதானே தவிர, பாலின் சத்து முழுக்க இதில் இல்லை. சோயாவில் புரதம் ஏறக்குறைய பால் அளவுக்கு உண்டு. ஆனால் சுண்ணாம்புச் சத்து குறைவு. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. பாலை நிறுத்தினால் அது வேறு வழியில் வர வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அதனால் அத்தைக்கு வாரம் நாலு நாள் கேழ்வரகுக் களியோ அடையோ உண்டு. முருங்கைக் கீரை, எள்ளு, மோரும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து மீன்கார அம்மா கொண்டு வருகிற நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டாலும் நல்லது. கைக்குழந்தைகளுக்கு இந்தப் பால்களைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையோடு சோயாவோ காப்பியோ குடிக்கக் கூடாது. எவ்வளவு இடைவெளி என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டணங்களில் லாக்டோஸ் நீக்கின பசும்பால் பாக்கெட்டும் விற்கிறது. கிடைக்கிறவர்களுக்கு அது சுலபம். எங்கள் ஊர்க் கடையில் எனக்குக் கிடைக்கவில்லை.

அத்தை என்ன சொன்னார்கள்?

முதல் நாள் அத்தையிடம் டம்ளரை நீட்டியபோது என் கை நடுங்கியது. "இதுல பால் இல்ல அத்தை" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. மோந்து பார்த்தார்கள். ஒரு வாய் குடித்தார்கள். "இது காப்பி இல்லம்மா" என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "தேங்கா நம்ம புதுக் கன்னுதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இவர் மட்டும், "என்னதான் இருந்தாலும் டிகிரி காப்பி ஆகுமா?" என்று கிண்டல் செய்தார். நூலகத்தில் எடுத்து வந்து, ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதி 2000-இல் வெளிவந்த 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தை முன்பு படித்திருக்கிறேன். காப்பியே நம் வீடுகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்ததுதான். பழையதும் நீராகாரமும் குடித்த பெரியவர்கள் அன்றைக்கு அதைத் திட்டினார்கள். அப்படி வந்த காப்பியைத்தானே இன்றைக்கு நாம் பரம்பரைச் சொத்து மாதிரி கொண்டாடுகிறோம்! அதை எடுத்துச் சொன்னதும் இவர் வாயை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் ராத்திரி, சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தை ஃபில்டரில் தூள் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ போடுற டிகாக்ஷன் தண்ணியா இருக்கு. அந்தத் தேங்காப் பாலுக்கு இது தாங்காது. நீ போய்ப் படு" என்றார்கள். திட்டுதான். ஆனால் அந்தத் திட்டைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மறுபடி காலையில் திண்ணையில் பேப்பரும் டம்ளருமாக அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் டாக்டர் ஏதாவது ஒன்றை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பெரியவர்களிடம் "கூடாது" என்று சொல்வதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த இடத்தில் வேறு என்ன வைக்கலாம் என்று நாமும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நான் அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இதைவிட நல்ல பக்குவம் தெரிந்த தோழிகள் அவசியம் எழுதுங்கள். அத்தைக்கும் படித்துக் காட்டுகிறேன்.

– ஒரு வாசகி,
கீழ்வேளூர்.